மேல உத்திர வீதியில் இரண்டு அடுப்பு

"இன்னும் ஒண்ணு சிவப்பாவே நிக்குதேம்மா?"

மேனேஜர் சின்னையன் அறிவுமதியின் தோளுக்குப் பின்னாலிருந்து கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார்.

"நிக்குது சார்," என்றாள் அறிவுமதி. அவள் பார்த்துக்கொண்டிருந்தது கம்ப்யூட்டரை அல்ல. ஜன்னலுக்கு வெளியே, ஐப்பசித் தூறலில், காவிரித் தண்ணீர் நிறைந்த தங்கக் குடத்தோடு கோயில் யானை போய்க்கொண்டிருந்தது. யானை போகிற நேரத்தில் அவளிடம் எதைக் கேட்டாலும் அரை பதில்தான் வரும். சின்னையனும் யானை முனை திரும்புகிறவரை காத்திருந்துவிட்டுத்தான் அடுத்த கேள்விக்கு வந்தார்.

"திங்கக்கிழமை புது சாப்ட்வேர் வருது. ஞாபகம் இருக்குல்ல?"

இருந்தது. அந்த ஸ்ரீரங்கத்து காஸ் ஏஜென்சியில் ஒரு மாதமாக அவளுக்கு அதுதான் வேலை. பழைய கம்ப்யூட்டரில் கிடக்கிற வாடிக்கையாளர் முகவரிகளையெல்லாம் துடைத்துச் சுத்தம் செய்து புதியதில் ஏற்ற வேண்டும். ஒரே வீட்டுக்குப் பழைய நம்பர், புது நம்பர், அதற்கப்புறம் வந்த இன்னொரு புது நம்பர் எல்லாம் இருக்கும். 'வெள்ளை நாய் படுத்திருக்கும் வீடு' என்றுகூட ஒரு முகவரி இருந்தது. போன் செய்து விசாரித்தாள். நாய் போய்ச் சேர்ந்துவிட்டதாம், வீடு இருக்கிறதாம். நாய்க்காகக் கொஞ்ச நேரம் வருத்தப்பட்டுவிட்டுத்தான் அந்த வரியை அழித்தாள்.

சரியாகாமல் சிவப்பாக மிச்சமிருந்தது மேல உத்திர வீதியில் ஒரே ஒரு வீடு. ஒரே கதவு எண்ணில் இரண்டு இணைப்பு. அண்ணன் கோதண்டராமன் பெயரில் ஒன்று, தம்பி லக்ஷ்மணன் பெயரில் ஒன்று. ஒரு சமையலறைக்கு ஓர் இணைப்புதான் என்பது புது சாப்ட்வேரின் பிடிவாதம். சிவப்பு மாறாவிட்டால், திங்கட்கிழமை காலையில் இரண்டில் ஒன்றை அது தானாகவே வெட்டிவிடும்.

"யாரோடதை சார் வெட்டும்?"

"அது அதோட இஷ்டம். எந்த வீட்டு அடுப்பு அணையப்போவுதோ."

அறிவுமதிக்கு மனசு கேட்கவில்லை. அந்த வீட்டின் நடுவே சுவர் எழுப்பி இரண்டாக்கியிருப்பது ஊருக்கே தெரியும். அப்பா போன பிறகு கூடத்து ஊஞ்சலில் யார் உட்காருவது என்று தொடங்கிய பேச்சு, அண்ணன் தம்பிக்குள் பேச்சே இல்லாமல் போனதில் முடிந்தது. ஊஞ்சல் தொங்கிய இடத்திலேயே சுவர் எழும்பியது. உத்தரத்தில் இந்தப் பக்கம் இரண்டு கொக்கி, அந்தப் பக்கம் இரண்டு கொக்கி. பலகை பரணில் கிடக்கிறது. ராமன், லக்ஷ்மணன் என்று ஆசை ஆசையாகப் பெயர் வைத்த அந்த அப்பாவை நினைத்தால்தான் பாவமாக இருக்கும்.

ஒருவருக்கு 'ஏ', இன்னொருவருக்கு 'பி' என்று சேர்த்துவிட்டால் முகவரி இரண்டாகிவிடும். இவ்வளவுதானே என்று போனை எடுத்தாள்.

"ஏ எனக்குத்தானே?" என்றார் கோதண்டராமன். "மூத்தவன் நான்."

"ஏ அவருக்கா?" என்றார் லக்ஷ்மணன். "அப்போ நான் பியா? பரீட்சையில கூட நான் பி வாங்கினதில்லைம்மா."

கொஞ்ச நேரத்தில் இருவரும் சின்னையனுக்குத் தனித்தனியாகப் போன் செய்து, அந்தப் பெண் பாரபட்சம் காட்டுகிறாள் என்று ஒரே மாதிரி புகார் சொன்னார்கள்.

"எழுத்தே வேணாம்மா," என்றார் சின்னையன் காதைத் தேய்த்துக்கொண்டே. "திசையைப் போடு. திசையில என்ன பெரியவன் சின்னவன்?"

மறுபடியும் போன்.

"வடக்குப் பாகம், தெற்குப் பாகம்னு போட்டுடறேன் சார். நீங்க வடக்கு."

"நான் எதுக்கு வடக்கு?" என்று சீறினார் கோதண்டராமன். "பெருமாளே தெற்கைப் பாத்துண்டுதானே சயனிச்சிண்டிருக்கார்? என்னைத் தெற்குன்னு எழுது."

"ஆனா நீங்க இருக்கறது வடக்குப் பக்கம்தானே சார்?"

"இருக்கறது வேற, எழுதறது வேற."

லக்ஷ்மணன் நிஜமாகவே தெற்குப் பக்கத்துக்காரர். அவர் விடுவாரா? அறிவுமதியின் வீடு ஆற்றுக்கு அக்கரையில், மன்னார்புரத்தில். அங்கே தெற்கு வேண்டாம் என்று சண்டை போடுகிறவர்களைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். தெற்கு எனக்குத்தான் என்று முட்டிக்கொள்கிறவர்களை ஸ்ரீரங்கத்தில்தான் பார்த்தாள்.

அன்று மதியம் தயிர்சாதம் கொஞ்சம் கூடுதலாகிவிட்டது. ஜன்னல் வழியே ஆற்றுக் காற்று வந்தது. கண் தானாகச் செருகியது. கனவில் கோயில் யானை தும்பிக்கையால் வீடு வீடாகக் கதவு எண் கொடுத்துக்கொண்டு வந்தது. எண் வாங்கிய வீடுகள் எல்லாம் மெல்ல எழுந்து, கோபுரங்களைச் சுற்றிச் சுற்றி நடந்தன. சந்தடியே இல்லை. வாசல் கோலங்கள் மட்டும் அவற்றின் பின்னால் மிதந்து போயின. "எல்லாரும் எங்க போறீங்க?" என்று கேட்டாள். "தெற்கே," என்றது ஒரு மாடி வீடு. அவளுக்கும் அது மிகவும் நியாயமாகப் பட்டது.

விழித்துப் பார்த்தால், விரல் இரண்டு பெயருக்கும் 'தெற்கு' என்று தட்டி அனுப்பிவிட்டிருந்தது.

வெறும் சிவப்பாக இருந்த வரி இப்போது ரத்தச் சிவப்பாகிவிட்டது. 'சந்தேகத்துக்குரிய இரட்டை இணைப்பு. இரு சமையலறைகளின் படத்தையும் அனுப்பவும்' என்று கீழே ஒரு மிரட்டல்.

"தூங்கினியா?" என்றார் சின்னையன்.

"யோசிச்சேன் சார்."

"யோசிச்சு வைச்ச வினையைப் பாரு. போய்ப் படம் எடுத்துட்டு வா."

வடக்குப் பக்கத்துக் கதவைத் திறந்தது கோதண்டராமனின் மனைவி, லக்ஷ்மணனுக்கு மன்னி, மைதிலி. சமையலறை என்றதும் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது.

"தளிகை உள்ளையா படம் எடுக்கணும்? அங்கெல்லாம் மடிம்மா. குளிச்சுட்டுத்தான் வரணும்."

"குளிச்சிட்டுத்தான் மாமி வந்தேன்."

"பஸ்ல வந்தியே."

தெற்குப் பக்கத்தில் லக்ஷ்மணனின் மனைவி சுபலட்சுமியும் அதையே சொன்னாள், பஸ் உட்பட. இந்த ஊர் ஆசாரம் போலும் என்று அறிவுமதி பயபக்தியோடு திரும்பிவிட்டாள்.

மறுநாள் காலை அம்மா மண்டபத்தில் இறங்கி, காவிரியில் முழுக்குப் போட்டு, படித்துறையில் சேலை மாற்றிக்கொண்டு, பஸ் ஏறாமல் நடந்தே மேல உத்திர வீதிக்கு வந்து நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மைதிலி ஒதுங்கி வழிவிட்டாள்.

வடக்குச் சமையலறையில் அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு படம் எடுத்துக்கொண்டு தெற்குப் பக்கம் போனாள்.

"செத்த உக்காரும்மா," என்று சுபலட்சுமி உள்ளே ஓடினாள். பின்கட்டில் கனமான எதையோ நகர்த்துகிற சத்தம். "பாத்து, பாத்து," என்று ஒரு கிசுகிசுப்பு. டங்கென்று ஒரு பாத்திரம். பிறகு சுபலட்சுமி மூச்சு வாங்க வெளியே வந்து, "இப்போ வா," என்றாள். அறிவுமதி இரண்டாவது படத்தையும் எடுத்து, நிம்மதியாக இரண்டையும் அனுப்பினாள்.

அலுவலகம் போய்ச் சேருவதற்குள் பதில் வந்துவிட்டது: 'இரண்டு படத்திலும் ஒரே அடுப்பு.'

பைத்தியக்கார மெஷின் என்று திட்டிக்கொண்டே படங்களைப் பெரிதாக்கினாள். அதே அடுப்பு. அதே பால்கூட. இரண்டாவது படத்தில் பொங்கி வழிந்திருந்தது.

உடனே திரும்பிப் போனாள். இந்தத் தடவை வாசல் வழியாக இல்லை, கொல்லைப் பக்கத்துச் சந்து வழியாக. வாசலில் தொடங்கிய சுவர் பின்கட்டோடு நின்றுவிட்டிருந்தது. கிணற்றடியில் சுவரே இல்லை. அண்ணன் தம்பி இருவருக்கும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிற வழக்கமே இல்லை என்பது பிறகு தெரிந்தது.

வடக்குச் சமையலறையில் அடுப்பு பழைய இடத்துக்கே வந்துவிட்டிருந்தது. அதில் சாத்தமுது, நம் ரசம்தான், நுரை கட்டிக்கொண்டிருந்தது. மைதிலி கரண்டியோடு நிற்க, சுபலட்சுமி கீழே உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். இரண்டு பேரும் எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"பாத்துட்டியா?" என்றாள் மைதிலி.

"எத்தனை நாளா மாமி?"

"சுவர் எழுப்பின அன்னியிலேர்ந்து. இவ அந்தப் பக்கம் தனியா உக்காந்து அழுதா. எனக்கு இந்தப் பக்கம் கையே ஓடலை. கிணத்தடி வழியா வாடின்னேன்."

"சேந்து பண்ணி, ஆளுக்கொரு பாத்திரத்துல எடுத்துண்டு போவோம்," என்றாள் சுபலட்சுமி. "ஒரு சிலிண்டர் தீந்தா இன்னொண்ணு."

"அவங்க ரெண்டு பேருக்கும் தெரியாதா?"

மைதிலி பதறிப்போய் அறிவுமதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரிஞ்சா சாதத்தைத் தொடமாட்டா. ரோஷக்காரா. நாளைக்கே கிணத்தடியிலயும் சுவர் வந்துடும். எங்களுக்குன்னு இருக்கறது இந்த அடுப்படி ஒண்ணுதான். கெடுத்துடாதேம்மா."

அறிவுமதி அலுவலகத்துக்குத் திரும்பி நடந்தாள். இத்தனை நாள் இரண்டு அடுப்பைக் காப்பாற்றப் பாடுபட்டாள். இப்போது காப்பாற்ற வேண்டியது ஒரே அடுப்பு. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சார், ஒரே சமையலறைக்கு ரெண்டு சிலிண்டர் வேணும்னா?" என்று பொதுப்படையாகக் கேட்டாள்.

"அதுக்கென்ன, ஒரே இணைப்புல ரெண்டு சிலிண்டர் வாங்கிக்கலாம். தம்பிக்காரர் தன்னோடதை விட்டுக்குடுத்துக் கையெழுத்துப் போட்டா போதும்."

போட்டால் போதும்! ஒரு திசையைக்கூட விட்டுக்கொடுக்காத மனுஷர்.

சனிக்கிழமை மதியம் லக்ஷ்மணன் கூடத்தில் இரண்டு கொக்கிகளுக்கு அடியில் சாய்வு நாற்காலியில் கிடந்தார். பின்கட்டுக் கதவோரம் சுபலட்சுமி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு புடவைத் தலைப்பும் தெரிந்தது.

"சிஸ்டம் மாறுது சார்," என்று ஆரம்பித்தாள் அறிவுமதி. "மைக்ரேஷன். அதனால ஒரு வெரிஃபிகேஷன். சும்மா ஒரு கையெழுத்து. நீங்க படிக்கணும்னுகூட இல்ல சார்."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இணைப்பை விட்டுக்கொடுக்கிற அந்தக் காகிதத்தை மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் படித்தார். 'ஒரே சமையலறை என்பதால்' என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. தெருவில் யாரோ பூ விற்றுக்கொண்டு போனார்கள். அந்தக் குரல் தேய்ந்து மறைகிறவரை விரல் நகரவில்லை. அறிவுமதி கண்ணை மூடிக்கொண்டாள். கிணற்றடியில் ஒரு சுவர் கல் கல்லாக எழும்புவது தெரிந்தது.

பேனா கீறும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால், கையெழுத்து விழுந்திருந்தது.

காகிதத்தை வாங்கிக்கொண்டு, எங்கே மனசு மாறிவிடப்போகிறாரோ என்று வேகமாக வாசலுக்கு நடந்தாள்.

"ஒரு நிமிஷம்மா," என்று கூப்பிட்டார் லக்ஷ்மணன். சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மன்னியைப் பாத்தா ஒண்ணு சொல்லிடு. இப்பல்லாம் சாத்தமுதுல மிளகு ஜாஸ்தியா விழறது, அண்ணா வயித்துக்கு ஆகாது."