பிஸ்கட் டின்னில் பிஸ்கட் வைத்த குற்றம்

இறையருள் துணை நிற்க, அன்பு மைத்துனருக்கு உம் அக்காள் கணவன் எழுதும் அவசர விண்ணப்பம்.

நீரும் உம் இல்லத்தாரும் நலம் என்றே கொள்கிறேன். விசாரிக்க நேரமில்லை. உம் அக்காள் என்னை விட்டு உம் வீட்டுக்குப் புறப்படப் போகிறாள். அவள் வந்தால் தயவுசெய்து கதவைத் திறக்காதீர்.

நடந்ததைச் சொல்கிறேன். பாராயணம் முடிந்து, இரண்டு பிஸ்கட் தின்னலாமென்று பிஸ்கட் டின்னுக்குள் கைவிட்டேன், ஊசி குத்தியது. மைத்துனரே, பழஞ்செய்யுளில் பேழை என்றால் பெட்டி, செப்பு என்றால் மூடியிட்ட சிறுகலம், மிடா என்றால் பெரும்பானை. எவ்வளவு நேர்மையான சொற்கள்! இந்த வீட்டிலோ பிஸ்கட் டின் என்றால் ஊசிநூல், ஐஸ்கிரீம் டப்பா என்றால் மிளகாய்த்தூள், தேன் ஜாடி என்றால் ஸ்குரூ, ஷாம்பு பாட்டில் என்றால் தலைக்கு எண்ணெய், செருப்புப் பெட்டி என்றால் என் முழங்கால் மாத்திரை. வாய்மையே தவம் என்று நாள்தோறும் ஓதிக்கொண்டு, அலமாரி நிறையப் பொய்யை வைத்துக்கொண்டிருப்பதா? உம் அக்காள் கோயிலுக்குப் போயிருந்த வேளையில், ஒவ்வொரு கலத்திலும் அதன்மேல் எழுதியுள்ள பொருளையே இட்டு நிரப்பினேன். பிறகு ஒரு முனிவரின் நிறைவோடு உறங்கிப்போனேன்.

மறுநாள் காலை அலமாரிக் கதவைச் சரிசெய்யத் தச்சர் வந்தார். "தேன் ஜாடியில ஸ்குரூ இருக்கு, கையை விட்டு எடுத்துக்கோங்க" என்றாள் உம் அக்காள். போன கை வெளியே வரவில்லை. "அம்மா, கையோட ஜாடியும் வருதும்மா!" என்று அவர் அலறிக்கொண்டிருக்கும்போதே, ஊசி கேட்டுப் பிஸ்கட் டின்னை வாங்கிப் போன அடுத்த வீட்டம்மாள் திரும்பி வந்து, "அக்கா, ஊசி கேட்டா விருந்து வைக்கிறீங்களே, ஜாக்கெட்டை நான் எதால தைக்கிறது?" என்று சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பு அடங்குமுன் என் மகன் அலுவலகத்திலிருந்து நனைந்து திரும்பி வாசலில் நிற்கிறான், தலைமேல் ஒரு வெண்மேகம்! "அப்பா, எண்ணெய்னு நெனச்சு ஷாம்புவைத் தேச்சுக்கிட்டுப் போயிட்டேன். வழியில மழை. மேனேஜர் என்னைப் பார்த்துட்டு, 'முதல்ல போய்க் குளிச்சு முடிச்சிட்டு வாப்பா'ன்னு அனுப்பிட்டாரு!"

உம் அக்காள் என் பக்கம் திரும்பினாள். "இந்த வீட்ல பிஸ்கட் டின்னுன்னா ஊசிநூல்னு பூனைக்குக்கூடத் தெரியும். டின்னு மேல எழுதினதையெல்லாம் யாரு உங்களைப் படிக்கச் சொன்னா?"

"பெயரொன்று பொருளொன்றாக இருத்தல் அறமாகுமா?" என்றேன்.

"உங்க முகத்துலகூடத்தான் பக்திமான்னு எழுதியிருக்கு. உள்ள என்ன இருக்குன்னு எனக்குல்ல தெரியும்!"

தச்சர் வாய்விட்டுச் சிரித்தார், ஜாடியோடு.

அன்று முதல் என்னிடம் பேச்சில்லை. இன்று தொலைபேசியில் யாரிடமோ, "என் தம்பி வீட்டுக்கு டிக்கெட் போட்டாச்சு" என்று சொல்வதை என் செவியால் கேட்டேன். மைத்துனரே, சினத்தில் கட்டிய மூட்டையோடு வருபவளை ஏற்பது உமக்கு அழகன்று. ஊரில் இல்லை என்று சொல்லும். காய்ச்சல் என்று சொல்லும். வாய்மையைப் பற்றி நான் மேலே எழுதியதை இந்த ஒரு விஷயத்தில் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவளில்லாத வீட்டில் எனக்கு உப்புகூடக் கிடைக்காது. கிடைத்தாலும் தொண்டைக்குள் இறங்காது.

உம் மக்கள் பதினாறு பேறும் பெற்று வாழ்க.

இங்ஙனம்,
உம் அக்காள் கணவன்.

பின்குறிப்பு: இப்போதுதான் மகன் பயணச்சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். ஒரே சீட்டு. என் பெயரில். திரும்பி வருவதற்குச் சீட்டில்லை. கேட்டதற்கு உம் அக்காள், "நான் எதுக்குப் போகணும்? மாத்தி அடுக்கினது நானா?" என்கிறாள். ஆகவே, கதவு குறித்து மேலே எழுதிய யாவும் தள்ளுபடி. வெள்ளி மாலை பேருந்து நிலையத்துக்கு வந்துவிடும். உம் இல்லாள் எதை எந்த டப்பாவில் வைத்திருந்தாலும் அதுவே வேதம் என்று நான் சொன்னதாக, இன்றே அவர் காதில் போட்டு வையும்.