அயலார் கட்டணம்

ஏழு கடல்களையும் எண்ணி முடித்தவர்கள் களைத்துப்போய் எண்ணாமல் விட்ட கடலில் மணித்தீவு இருந்தது. அங்கே மீன் விற்பவர் முதல் அமைச்சர் வரை எல்லோரும் ஆயுள் முழுக்கப் பல்கலைக்கழக மாணவர்கள். தீவுக்காரருக்கு வருடக் கட்டணம் ஒரு வெள்ளிக்காசு; அயலாருக்கு நூறு. அந்த நூறுகளில்தான் தெருவிளக்குகள் எரிந்தன, நீரூற்றுகள் ஆடின, முதலமைச்சர் வெண்கொற்றரின் தலைப்பாகைக்குக் கஞ்சி போடப்பட்டது.

இளவெயினி கப்பலேறி வந்த அயலாள். அப்பாவின் தென்னந்தோப்பை அடகு வைத்து இரண்டு வருடம் கட்டியாயிற்று. மூன்றாம் வருடத்து நூறை வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கையில் இருந்தது பதினொன்று.

அந்த நேரம் பார்த்துத் தேர்தல் வந்தது.

"அயலார் கூட்டம் தாங்க முடியல!" என்று வெண்கொற்றர் மேடையில் முழங்கினார். கைதட்டலில் சொக்கிப்போய், இனி ஒருவரும் தீவுக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டார். மறுநாளே இளவெயினி தவிர மற்ற அயலாரும் கப்பலேறிப் போனார்கள்; தெருவிளக்குகள் அணைந்தன.

"ஐயையோ, அயலார் பத்தலையே!" என்று வெண்கொற்றர் அலறினார்.

செயலாளர் சாந்தப்பர் தொண்டையைச் செருமினார். "வெளியிலேர்ந்துதான் வரணுமாங்கய்யா? உள்ளயே உண்டாக்கிக்கலாமே."

அடுத்த சட்டம் பிறந்தது: இரண்டு வருடங்களாக ஒவ்வோர் இரவும் தீவில் எங்கே தூங்கினார் என்று முத்திரையோடு காட்ட முடியாதவர் எல்லோரும் அயலார்.

தீவுக்காரர்கள் சிரித்தார்கள். பிறகு அலமாரிகளைக் கவிழ்த்துத் தேடினார்கள். சொந்த வீட்டில் தூங்கியதற்கு யார் ரசீது வாங்கி வைப்பார்? மீன்காரர் அயலார் ஆனார். தலைமை நீதிபதி அயலார் ஆனார். வியாழன் மதியம் வெண்கொற்றரே வரிசையில் நின்றார்.

இளவெயினி கவுன்டரில் வைத்த ஃபைல் தலையணை உயரம். வாடகை ரசீது, அதற்கு மூன்று ஜெராக்ஸ், ஜெராக்ஸுக்கு அத்தாட்சிக் கையெழுத்து, இரண்டு காதும் தெரியும் புகைப்படங்கள். ஓர் இரவுகூட விட்டுப்போகவில்லை.

"இத்தனையும் எதுக்கும்மா சேர்த்து வச்சே?" என்றார் சாந்தப்பர். அவரும் நேற்றே அயலார் ஆகியிருந்தார்.

"நீங்கதானே சார் மாசாமாசம் கேட்டீங்க!"

"அப்ப நீ ஒருத்திதான் தீவுக்காரி." ஒரே ஒரு காசை எடுத்துக்கொண்டு சீல் குத்தினார். இளவெயினி கவுன்டர் மேல் ஏறி ஒரு சுற்று ஆடினாள்.

வெண்கொற்றர் வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தார். "பாப்பா, மறக்காம நம்மளுக்கே ஒரு ஓட்டு..."

"அயலார் தேர்தல்ல நிக்க முடியாதே சார்."

வெள்ளிக்கிழமை ஒரே வேட்பாளர், ஒரே வாக்காளர், நூறு சதவீத வாக்குப்பதிவு. ஊரே பட்டாசு வெடித்தது: வரிசையில் நின்ற பெண்ணாயிற்றே, நம் கஷ்டம் அவளுக்குத் தெரியாதா!

சனிக்கிழமை சாந்தப்பர் கட்டணக் கோப்பைக் கொண்டுவந்து நீட்டினார். "கஜானா காலிங்கம்மா."

இளவெயினி ஜன்னல் வழியே பார்த்தாள். வரிசை துறைமுகம்வரை நீண்டிருந்தது.

"அத்தனை பேரும் அயலார்தானே?"

"அத்தனை பேருமே."

பேனா மூடியைக் கழற்றினாள்.

"நூறுன்னா ரொம்ப வருஷமா ஏத்தவே இல்ல போலிருக்கே," என்றாள்.