வாத்து முசே மாநாட்டுக்குப் போன கதை

புதுச்சேரியில் திருடியதற்காகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனவர்கள் நிறையப் பேர். இலவசமாகக் கொடுத்ததற்காகப் போனவர், எனக்குத் தெரிந்து, ஒருவர்தான். அவர் எங்கள் வாத்து முசே.

உப்பளம் பகுதியில் என் தையல் கடைக்கு அடுத்த கதவு அவருடைய கம்ப்யூட்டர் சென்டர். தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. முசேயின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். சொந்தக்காரர்கள் எல்லோரும் பிரான்சில் இருந்தார்கள். இவரும் அங்கே கொஞ்ச வருஷம் இருந்துவிட்டு, "குளிர் ஒத்துக்கல" என்று மனைவியோடு ஊருக்கே திரும்பிவிட்டார். பிரெஞ்சு மரியாதைப்படி அவரை முசே என்றும் அந்த அம்மாவை மதாம் என்றும் கூப்பிடுவோம். ஒரே மகள் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டாள்.

முசேக்கு லினக்ஸ் பைத்தியம். கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுக்கிற சரக்கு அது என்றும், காசில்லாமல் கிடைக்கும் என்றும், யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்துத் திருத்தி அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்றும் என்னிடம் விளக்கினார். நான் ஐந்தாவதோடு நின்றவன். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: ஒரு தையல்காரன் சட்டையோடு சேர்த்து, அதை வெட்டின பேப்பரையும் கஸ்டமர் கையில் கொடுத்து அனுப்புகிறான். எந்தத் தையல்காரனாவது செய்வானா? முசே செய்வார்.

லினக்ஸுக்குச் சின்னம் பெங்குவின். போர்டு எழுத வந்த பெயிண்டர் அந்தப் பறவையைப் பார்த்ததில்லை. "தண்ணியில நீந்தும்பா. குட்டைக் கால். அசைஞ்சு அசைஞ்சு நடக்கும்" என்று முசே கையை ஆட்டி நடந்தே காட்டினார். பெயிண்டர் தனக்குத் தெரிந்ததை அழகாக வரைந்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் ஒரு பெண்மணி கூடையோடு வந்து நின்றாள்.

"வாத்து முட்டை இருக்கா?"

"முட்டை இல்லம்மா. லினக்ஸ் இருக்கு."

"அது கிலோ எவ்ளோ?"

"இலவசம்."

அந்த அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போன வேகத்தை நான் மறக்க மாட்டேன். அன்றைக்கு வைத்த பேர்தான் வாத்து முசே.

பார்க்கிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லி ஒரு லினக்ஸ் சிடி கொடுப்பது அவர் வழக்கம். எலக்‌ஷன் நேரம் தவிர மற்ற நாளில் ஒருவன் சும்மா எதையாவது கொடுத்தால் எங்கள் ஊருக்குச் சந்தேகம் வந்துவிடும். யாரோ போய்ச் சொல்ல, திருட்டு விசிடி என்று ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள். நான் ஓடினேன்.

"காப்பி எடுத்தியா?" என்றார் ஏட்டு.

"எடுத்தேன். நீங்களும் எடுக்கலாம்."

"என்னையுமா கூட்டு சேக்குற? யாருய்யா உனக்குக் காப்பி எடுக்கப் பெர்மிஷன் குடுத்தது?"

"எழுதினவரே குடுத்திருக்காரு!"

"எழுதினவனே காப்பி எடுத்துக்கோன்னு சொன்னானா? என்னைப் பாத்தா எப்படித் தெரியுது?"

சிடியை ஸ்டேஷன் டிவியில் போட்டுப் பார்த்தார்கள். படம் வரவில்லை. படம் வராததால் சந்தேகம் இன்னும் அதிகமாகிவிட்டது. வராத படம் எவ்வளவு மோசமான படமாக இருக்குமோ! சாயந்திரம் வரை வைத்திருந்து அனுப்பினார்கள். வெளியே வரும்போது ஏட்டு கையில் இன்னொரு சிடியைக் கொடுத்து, "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டு வந்தார் முசே.

எதிர்ச்சாரியில் இருந்த பிரவுசிங் சென்டரில் எப்போதும் கூட்டம். அங்கே எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருந்தது, காசு கொடுத்து வாங்க வேண்டிய மற்ற சரக்கு. அதன் பேரை முசே வாயால் சொல்ல மாட்டார். "அது" என்பார். "அதைத் தொட்ட கையால நான் சோறு தின்ன மாட்டேன்" என்று சபதம் வேறு.

இந்தச் சமயத்தில்தான் பிரான்சில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

தபாலில் போட்டோ வந்தது. மதாம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அசையுமா?" என்றார். ஊரில் பிரான்ஸ் உறவு இருக்கிற எல்லோரும் கம்ப்யூட்டர் கேமராவில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முசேயிடமும் மகள் அனுப்பிய கேமரா இருந்தது. ஆனால் அது லினக்ஸோடு பேசவில்லை. முசே கெஞ்சினார், கட்டளை போட்டார், ராத்திரியெல்லாம் ஏதேதோ தட்டினார். கேமரா முழித்துக்கொண்டு கிடந்தது.

"எதிர்க்கடையில உடனே தெரியுமாமே" என்றார் மதாம்.

"அங்க 'அது' இருக்கு."

"எது இருந்தா இன்னா? எனக்குக் கொழந்தை தெரியணும். நான் பாட்டுக்குப் போயிடுவேன். கம்ப்யூட்டர் கடைக்காரன் பொண்டாட்டி எதிர்க்கடையில போய் உக்காந்தான்னு தெருவே சிரிக்கும். அதான் பாக்குறேன்."

அப்போது காலாப்பட்டுக்கு அப்பால் ஒரு காலேஜில் ஓப்பன் சோர்ஸ் மாநாடு என்று அறிவிப்பு வந்தது. முசே துள்ளிக் குதித்தார். "அலோர், முடிஞ்சுது பிரச்சனை! லினக்ஸை உருவாக்குற பெரிய மூளைங்க எல்லாம் வருது. சனிக்கிழமை சாயந்திரம் நீ கொழந்தையைப் பாக்குற" என்று மதாமுக்கு வாக்குக் கொடுத்தார். மகளுக்கும் போன் போட்டு, அன்றைக்குக் குழந்தையைத் தூங்க வைக்காமல் வைத்திருக்கச் சொன்னார்.

தயாரிப்பு ஆரம்பித்தது. மாநாட்டுக்குப் போட்டுக்கொள்ள ஒரு பனியன் கொடுத்து, நெஞ்சில் சின்னத்தைத் தைக்கச் சொன்னார். "சின்னம் இன்னான்னுதான் உனக்குத் தெரியுமே" என்றார். தெரியும். தினமும் பார்க்கிற போர்டுதானே. மஞ்சள் நூலில் அலகு, வெள்ளை நூலில் வால் என்று உயிரைக் கொடுத்துத் தைத்தேன். சனிக்கிழமை காலையில் அவர் பிரித்துப் பார்த்தபோது மாற்ற நேரமில்லை. என்னையும் பனியனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போட்டுக்கொண்டார்.

கேமராவைச் சரிபார்க்க முழுக் கம்ப்யூட்டரையும் கொண்டுபோக வேண்டும் என்றார். கம்ப்யூட்டர் பெட்டி அவர் கையில். டிவி மாதிரி இருந்த கனமான மானிட்டர் என் தலையில்.

"எனக்கு நாலு பேர் நடுவுல நிக்கவே கூச்சம் முசே. இங்கிலீஷும் வராது."

"அங்க வர்றவனுங்க எல்லாருக்குமே கூச்சம்தான் டெய்லர். ஒருத்தனும் ஒருத்தன் மூஞ்சியைப் பாக்க மாட்டான், வா."

தூசி படாமலிருக்க மானிட்டரைச் சிவப்பு லைனிங் துணியால் மூடியிருந்தேன். காலாப்பட்டு பஸ்ஸில் ஒரு பாட்டியம்மா எழுந்து இடம் கொடுத்தார். துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எந்த ஊரு அம்மன்பா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் இன்னொருவர் செருப்பைக் கழற்றிவிட்டார். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்க வந்து, கும்பிட்டுவிட்டுப் போனார்.

மாநாட்டில் முசே சொன்னது சத்தியமான உண்மை. நூற்றுக்கணக்கான பையன்கள் இருந்தார்கள். எல்லோரும் மடிக் கம்ப்யூட்டரைத்தான் பார்த்தார்கள். என் வாழ்நாளில் நான் கூச்சமில்லாமல் நடமாடிய கூட்டம் அது ஒன்றுதான். முசேயின் பனியனை மட்டும் நிறையப் பேர் கவனித்தார்கள். "சார், இது எந்த வெர்ஷன்? புதுசா?" என்று மரியாதையாகக் கேட்டார் ஒரு பையன். "புதுச்சேரி வெர்ஷன்" என்றார் முசே. பையன் எழுதிக்கொண்டார்.

மேடையில் குடுமி வைத்த ஒருவர் பேசினார். ஒளிவு மறைவு கிடையாது, எல்லோரும் பார்க்கலாம், எல்லோரும் திருத்தலாம் என்றார். முசே கேமராவை உயர்த்திப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எல்லாரும் திருத்தலாம்னு சொல்றீங்க. சரி, என் கேமராவை யாரு திருத்துவா?"

அரங்கமே கை தட்டியது. பேச்சாளர் நெஞ்சில் கை வைத்து, "இந்த மாநாட்டின் மிக ஆழமான கேள்வி. பதில், நீங்களேதான்!" என்றார். மறுபடியும் கைதட்டல்.

"நெசமாத்தான் கேக்குறேன், பேத்தியைப் பாக்கணும்" என்று முசே சொன்னது அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் பையன்கள் சூழ்ந்துகொண்டார்கள். நல்ல பையன்கள்தான். ஆனால் ஒருவர், "இந்த லினக்ஸைப் போட்டதே தப்பு சார், எங்களதைப் போடுங்க" என்று இருந்ததை அழித்துவிட்டு வேறொன்றைப் போட்டார். அது ஏறி முடிவதற்குள் இன்னொருவர், "ஐயையோ, இதையா போட்டீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டு மூன்றாவது ஒன்றைப் போட்டார். பிறகு இரண்டு பேரும் கேமராவை மறந்துவிட்டு, தங்கள் கட்சிக்காகச் சண்டை போட்டார்கள். எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாய்ச் சண்டை பார்த்திருக்கிறேன். இது அதைவிடக் காரம், ஆனால் யாரும் குரலை உயர்த்தவில்லை.

சாயந்திரம் ஆகும்போது திடீரென்று ஒரு கூச்சல். கேமராவில் இருந்த சின்ன விளக்கு பச்சையாக எரிந்தது! எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். முசேயை நடுவில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள்.

"படம்?" என்றார் முசே.

"விளக்கு வந்துடுச்சுல்ல சார். படம் அடுத்த ரிலீஸ்ல வந்துடும்."

நினைவுப் பரிசாக அவருக்கு ஒரு சிடி கொடுத்தார்கள்.

பஸ் பிடித்து ஊர் திரும்பினோம். கடை வாசலில் மதாம் பட்டுப்புடவை கட்டி, மல்லிகைப்பூ வைத்து, ஒரு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். குழந்தைக்குக் காட்ட ஒரு கிலுகிலுப்பை கையில்.

"விளக்கு எரியுது" என்றார் முசே மெதுவாக.

மதாம் அவரையே பார்த்தார். "விளக்கைப் பாக்கவா இப்படிக் கெளம்பி உக்காந்திருக்கேன்? அதை நான் கார்த்திகைக்குப் பாத்துக்குறேன்." கிலுகிலுப்பையை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். அவர் கத்தியிருந்தால் முசே தாங்கியிருப்பார்.

மறுநாள் மத்தியானம் முசே என் கடைக்கு வந்தார். கஸ்டமர் ஒருவர் மறந்துவிட்டுப் போன ஹெல்மெட் ஆணியில் தொங்கியது. "அதை எடு" என்றார்.

"உங்ககிட்ட வண்டியே இல்லையே முசே?"

"எடுன்னா எடு."

அன்றைக்கெல்லாம் புதுச்சேரியில் வண்டி ஓட்டுகிறவனே ஹெல்மெட் போடமாட்டான். நடந்து போகிறவர் போட்டால் தெரு பார்க்காமல் என்ன செய்யும்? அதுவும் நெஞ்சில் வாத்துப் பனியனோடு. பக்கத்தில் அதே பட்டுப்புடவையில் மதாம், "இப்படி வாங்க, படி இருக்கு, பாத்து" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எதிர்க்கடைக்கு அழைத்துப் போனார். ஹெல்மெட்டின் கண்ணாடி கறுப்பு என்பதால் முசே பாதி வழியில் ஒரு சைக்கிளில் மோதினார். "தம்பி, நீயும் வந்து ஒரு கை புடி" என்று மதாம் என்னைக் கூப்பிட்டார்.

எதிர்க்கடைக்காரர் சிரிப்பார் என்று பயந்தேன். அவர் எழுந்து நின்று, "வாங்க முசே, ஓரத்து கேபின்ல உக்காருங்க" என்றார்.

இரண்டு தட்டு தட்டினார். படம் வந்துவிட்டது. மகள் தெரிந்தாள். மடியில் குழந்தை, கொட்டாவி விட்டுக்கொண்டு.

"அம்மா! அப்பா எங்க? ஐயோ, பின்னாடி ஹெல்மெட் போட்டுட்டு யாரும்மா அது?"

முசே ஹெல்மெட்டைக் கழற்றினார். அந்தக் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அவர் பேத்தியைப் பார்த்தது அப்போதுதான். குழந்தை அவர் பக்கம் கையை நீட்டியது. கேமராவைப் பிடிக்கத்தான் நீட்டியிருக்கும். முசே திரையில் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தார். "அது" இருக்கிற கம்ப்யூட்டர் என்பது அவருக்கு ஞாபகமே இல்லை. மதாம் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டே அழுதார். முசே குழந்தையிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார், தமிழில் ஏதோ சொன்னார், அப்புறம் எந்த மொழியும் இல்லாமல் ஏதோ சொன்னார்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, "நீ எதையும் பாக்கல" என்றார்.

"பாக்கல முசே."

அடுத்த வருஷமே கடையைக் காலி செய்துவிட்டு இரண்டு பேரும் பேத்தியிடம் போய்விட்டார்கள். ஒத்துக்கொள்ளாத அந்தக் குளிர் இப்போது ஒத்துக்கொண்டதாம். நான் இத்தனை வருஷமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்குப் பத்திரிகையிலேயே எழுதிவிட்டேன். படித்தால் அவருக்குக் கோபம் வரும். வரட்டும். திட்டுவதற்காகவாவது மனுஷன் ஒரு தடவை நேரில் வந்துவிட்டுப் போகட்டும்.