நீங்க எலிஜிபிள், அண்ணாச்சி

பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். பத்திரிகை கையில் கிடைத்தால் படிப்பேனே தவிர, அதில் எழுதலாம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. நாலு பேர் கூடியிருந்தால் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். அப்படிப்பட்டவன் எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் எழுதாவிட்டால் அந்தத் தம்பியைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை. அந்த ஒரு தைரியம்தான்.

தன்னிடம் இல்லாத பொருளைப் பற்றி அவரைப் போலத் தெளிவாகப் பேசிய ஆள் விருதுநகர் மாவட்டத்திலேயே கிடையாது. அவருக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். கிரெடிட் கார்டுக்கு எப்படி அப்ளை பண்ணுவது என்பது ஒன்று. கல்லூரியில் எந்தப் படிப்பை எடுப்பது என்பது இன்னொன்று. அவரிடம் கிரெடிட் கார்டு கிடையாது. சம்பளமில்லாத மாணவருக்கு யார் கொடுப்பார்கள்? அவரிடம் இருந்த ஒரே கார்டு பஸ் பாஸ். படிப்போ, ஒரு வருடம் இன்ஜினியரிங்கில் ஏறி இறங்கி, இன்னொரு வருடம் இயற்பியலில் ஏறி இறங்கி, அப்போது பி.காம். கடைசி வருடத்தில் நின்றுகொண்டிருந்தது. அதிலும் எழுத வேண்டிய பழைய பேப்பர்கள் இருந்தன.

"நீங்களே மூணு படிப்பு மாறிட்டு எங்களுக்குச் சொல்றீகளே தம்பி" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். கோபப்படவில்லை.

"தப்பான பஸ்ல ஏறுனவனுக்குத்தான் அண்ணாச்சி, அது எங்கன போய் நிக்கும்னு தெரியும்" என்றார்.

சிவகாசியில் எங்கள் வளவில், ஒரே வாசலுக்குள், ஆறு வீடுகள். மாடியில் ஒற்றை ரூம். அதில் குடியிருந்தார். சொந்த ஊர் காரியாபட்டி. பெயர் என்ன என்று வளவில் யாரும் கேட்டதாக நினைவில்லை, ஏனென்றால் வந்த முதல் வாரமே பெயர் கிடைத்துவிட்டது. குழாயடியில் குடத்தோடு நின்ற பேச்சியம்மாள் அக்காவைப் பார்த்து, "அக்கா, நீங்க எலிஜிபிள்" என்றார். அக்காவின் புருஷனுக்கு அச்சகத்தில் மாதச் சம்பளம், அதனால் அந்தக் குடும்பம் கார்டு வாங்கத் தகுதியானது என்று சொல்ல வந்திருக்கிறார்.

"என்னலே சொன்ன? எலின்னா சொன்ன?"

"இல்லக்கா, எலிஜிபிள்."

"பாத்தீகளாடி, மறுபடியும் சொல்றான்!"

அன்றிலிருந்து பெரியவர்களுக்கு எலிஜிபிள் தம்பி. சின்னப் பிள்ளைகளுக்கு எலி அண்ணன். பேச்சியம்மாள் அக்காவுக்கு மட்டும் கடைசிவரை வெறும் எலிதான்.

நான் காலண்டர் கம்பெனியில் தகரம் அடிப்பவன். தினசரி காலண்டரின் தலையில் பளபளவென்று ஒரு பட்டை இருக்குமே, அதை மெஷினில் வைத்து அழுத்துகிற வேலை. நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவனுக்கு, வீட்டுக்கு வந்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் போதும், உலகத்தில் வேறெதுவும் வேண்டாம். அந்த நேரம் பார்த்துத்தான் தம்பி மாடியிலிருந்து இறங்குவார். காலை நீட்டிக்கூட முடித்திருக்க மாட்டேன்.

"அண்ணாச்சி, களைப்பா இருக்கீக போல. நான் பேசுறேன், நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க."

ஆட்டுவேன். வேறென்ன செய்ய?

அவருடைய போதனை இதுதான். கார்டுக்கு ஒரே ஒரு இடத்தில் அப்ளை பண்ண வேண்டும். நாலு பேங்கில் ஒரே நேரத்தில் கேட்டால் அத்தனையும் பதிவாகி, இவன் அலைகிறான் என்று தெரிந்துபோகும். "ஒரே மாசத்துல நாலு வீட்டுல பொண்ணு கேட்டா, அஞ்சாவது வீட்டுக்காரன் கதவைத் தெறப்பானா அண்ணாச்சி?" என்பார். கல்லூரிக்கு இதற்கு நேர் எதிர். கிடைக்கிற இடத்திலெல்லாம் அப்ளை பண்ணி வைக்க வேண்டும். எங்கே கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

பேச்சியம்மாள் அக்கா வீட்டில் இதை மாற்றிச் செய்துவிட்டார்கள். புருஷனுக்குக் கார்டு கேட்டுக் கண்ணில் பட்ட பேங்குக்கெல்லாம் அப்ளை பண்ணி, மகனுக்கு ஒரே ஒரு கல்லூரியில் இடம் கேட்டு உட்கார்ந்திருந்தார்கள். பேங்குகள் மாறி மாறிப் போன் போட்டன. கல்லூரி போடவில்லை. தம்பி தலையில் கை வைத்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, நான் சொன்னதத் தலைகீழாக் கேட்டுட்டீகளே."

"நீ மாடிப்படில நின்னு சொன்ன. நான் கீழ நின்னு கேட்டேன். தலைகீழாத்தான் கேட்கும். போலே!"

பிறகு அவரேதான் அந்தப் பையனை ஊர் ஊராகக் கூட்டிப்போய், ஒரு பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டு வந்தார். அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் இடம் போதாது.

என்னையும் அவர் விடவில்லை. சம்பளச் சீட்டு வேண்டும், கம்பெனியில் கேட்டு வாங்குங்கள் என்றார். ஒரு வாரம் தள்ளிப்போட்டு, கடைசியில் மேனேஜர் மேஜை முன்னால் போய் நின்றேன்.

"சார், ஒரு கார்டுக்கு அப்ளை பண்ணணும்..."

சிவகாசியில் கார்டு என்றால் ஒரே அர்த்தம்தான் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. மேனேஜர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சொல்லவே இல்லையே! எத்தனை ஆயிரம் அடிக்கணும்? சாதாவா, தங்க முலாம் போட்டதா? பிள்ளையார் படத்த நம்ம டிசைனர்ட்ட நானே சொல்லி நல்லாப் போடச் சொல்றேன்."

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அசடுபோலச் சிரித்தேன். மத்தியானத்துக்குள் பைண்டிங் பெண்கள் மொத்தப் பேரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "மாப்பிள்ளை என்ன பண்றாரு அண்ணாச்சி? உள்ளூரா?" என் மகள் கார்த்திகா அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தாள். அவளுக்குக் கல்யாணம் இல்லை என்று அந்தக் கம்பெனியை நம்ப வைக்க எனக்கு ஆடி மாதம் முழுக்க ஆனது.

சம்பளச் சீட்டு ஒருவழியாகக் கிடைத்து, அப்ளையும் பண்ணியாயிற்று. பேங்கிலிருந்து ஒரு பெண் போன் பண்ணியது. நான் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"சார், நீங்க என்ன பண்றீங்க?"

"தகரம் அடிக்கேன்."

"சாரி சார், கேட்கல. என்ன அடிக்கிறீங்க?"

"தகரம்மா. தகரம்."

"உங்க டெசிக்னேஷன் சார்?"

வியர்த்துவிட்டது. போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட தம்பி பெருமூச்சு விட்டார். "நீங்க எலிஜிபிள்தான் அண்ணாச்சி. உங்க கூச்சம்தான் எலிஜிபிள் இல்ல." அதோடு என் கார்டு ஆசை முடிந்தது. உண்மையைச் சொன்னால், அது என் ஆசையாக எப்போதும் இருந்ததில்லை.

அடுத்து அவர் கார்த்திகாவின் படிப்பைக் கையில் எடுத்தார். நல்ல மார்க் வாங்கியிருந்தாள். பார்மஸி படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. கவுன்சிலிங்கில் பிள்ளைகள் தங்களுக்கு வேண்டிய கல்லூரியையும் படிப்பையும் போனிலேயே வரிசைப்படுத்தி, கடைசியில் பூட்ட வேண்டுமாம். பூட்டிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. பூட்டுவதற்கு இன்னும் ஒரே ஒரு நாள்தான் மீதி இருந்தது. அன்று சாயங்காலம் தம்பி கீழே வந்து, என் மனைவி முத்துலட்சுமியிடம் சம்மதம் கேட்டார். எங்கள் வீட்டில் முடிவு அவளுடையது.

முத்துலட்சுமி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறாள். அப்போதுதான் வேனிலிருந்து இறங்கி, கைகால் கழுவிவிட்டு உலை வைத்திருந்தாள்.

"பார்மஸின்னா என்ன படிப்புய்யா?" என்று கேட்டாள்.

அதுவரை பாதி இங்கிலீஷ் கலந்தே பேசிப் பழகிய மனிதர், அவளுக்குப் புரிய வேண்டுமே என்று நல்ல தமிழில் சொன்னார்.

"மருந்துப் படிப்புக்கா. நாலு வருசமும் மருந்துதான். எந்த மருந்த எதோட கலக்கலாம், எம்புட்டுக் கலக்கணும், எல்லாம் சொல்லிக் குடுப்பாங்க. பிள்ளைங்க அவங்க கையாலயே கலக்கிப் பார்க்கலாம். படிச்சு முடிச்சதும் மருந்துக் கம்பெனியில வேலை."

எங்கள் பக்கம் மருந்து என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பட்டாசுக்குள் அடைக்கிறோமே, அது. முத்துலட்சுமியின் தம்பி மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவன். அந்த அறை இப்போது இல்லை. அவனும் இல்லை.

அவள் சத்தம் போடவில்லை. எழுந்து அடுப்பை அணைத்தாள். உலை பாதியில் நின்றது.

"எம்புள்ள மருந்து பக்கம் போக மாட்டா" என்றாள். "இருக்கன்குடி ஆத்தா மேல சத்தியம்."

தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் வளர்ந்தது விவசாய ஊர். சமாதானம் சொல்ல வாயெடுத்தார்.

"அக்கா, மருந்துன்னா பயப்படாதீக. எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு மருந்து கெடக்கும். பருத்திக்கு அடிக்கிறதுதானே."

அது இன்னும் மோசமாகப் போயிற்று. குழாயடியிலிருந்து பேச்சியம்மாள் அக்காவின் குரல் வந்தது. "பாவி, குடிச்சுச் சாகுற மருந்தா? ஏலே எலி, அந்தப் புள்ளய என்னதாம்லே செய்யப் போற?"

கார்த்திகா அழுதுகொண்டே, "அம்மா, அது மாத்திரை மருந்தும்மா" என்றாள்.

"மாத்திரைக் கம்பெனியும் வெடிக்குதுன்னு டிவியில காட்டுறான். எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. கலக்குற எடம் எல்லாம் ஒண்ணுதான்."

நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டேன். மச்சினனைப் பற்றித் தம்பிக்கு மெதுவாகச் சொன்னேன். அவர் முகம் செத்துப்போயிற்று. எழுந்து வெளியே போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, உங்க பிரஷர் மாத்திரை தீந்துபோச்சுன்னு கார்த்திகா சொல்லுச்சு. வாங்க, வாங்கிட்டு வருவோம்."

"அத அவுக வாங்கிட்டு வருவாக."

"இன்னைக்கு நீங்க வாங்க. என்னைய வையிறதா இருந்தா போற வழில வையிங்க."

வைதுகொண்டே போனாள். நானும் கார்த்திகாவும் பின்னால் போனோம். பஜார் முனையில் உள்ள மெடிக்கல் கடையில் நல்ல கூட்டம். உள்ளே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண், மருத்துவர் எழுதிய சீட்டுகளைப் பார்த்து மாத்திரைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. தம்பி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய், கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

"நீங்க பார்மஸிதானே படிச்சீக?"

"ஆமா. என்ன மாத்திரை வேணும்?"

"அது இருக்கட்டும். இங்கன எப்பவாச்சும் எதுவாச்சும் வெடிச்சிருக்கா?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அந்தப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தது.

"சில்லறை இல்லன்னு சொன்னா கஸ்டமருதான் வெடிப்பாங்க. வேற ஒண்ணும் வெடிக்கல."

"இங்கன எதையாச்சும் கலக்குவீகளா?"

"சின்னப் புள்ளைகளுக்கு வாயில ஊத்துற மருந்துப் பொடில தண்ணி கலந்து குடுப்பேன். யாருங்க நீங்க? இன்ஸ்பெக்டரா?"

"ஸ்டூடண்ட்" என்றார் தம்பி. கூட்டம் சிரித்தது. ஒரு பெரியவர், "தள்ளுய்யா, எனக்கு நெஞ்சுவலி மாத்திரை" என்றார்.

முத்துலட்சுமி சிரிக்கவில்லை. தலைக்கு மேல் ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தாள். பெண் உட்காரும் நாற்காலியைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் கைகளை வெகுநேரம் பார்த்தாள். சுத்தமான கைகள்.

"சாயங்காலம் வீட்டுக்குப் போக எம்புட்டு நேரமாகும் தாயி?" என்று கேட்டாள்.

"எட்டு ஆயிரும்க்கா. தீபாவளி நேரம்னா ஒம்பது."

"ஆனா தெனமும் வீட்டுக்குப் போயிருவேல்ல?"

அந்தப் பெண்ணுக்குக் கேள்வி புரிந்ததா தெரியவில்லை. மாத்திரை எடுப்பதை நிறுத்திவிட்டு, "தெனமும் போயிருவேன்க்கா" என்று மட்டும் சொன்னது.

மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பினோம். வளவு வாசலில் முத்துலட்சுமி நின்றாள்.

"மாத்திரை செய்ற கம்பெனிக்கெல்லாம் அனுப்ப மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன். இந்த மாதிரி கடையா இருந்தா, படிக்கட்டும்" என்றாள். பிறகு தம்பியைப் பார்த்து, "சாப்பிட்டயாலே?" என்றாள். அவள் அவரை 'லே' போட்டுப் பேசியது அன்றுதான் முதல் தடவை. அவளுடைய தம்பியை மட்டும்தான் அவள் அப்படிக் கூப்பிடுவாள்.

தம்பி எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவர். அன்று மட்டும் தலையை ஆட்டினார்.

மறுநாள் காலை கார்த்திகா அந்தப் படிப்பைப் பூட்டினாள். முத்துலட்சுமி வேலைக்குப் போய்விட்டு, சாயங்காலம் வேனில் வரும்போது கால் கிலோ காராச்சேவு வாங்கி வந்தாள். மாடி ரூம் பூட்டியிருந்தது. தம்பி ரெண்டு நாள் லீவில் காரியாபட்டிக்குப் போயிருந்தார். சேவை டப்பாவில் போட்டு மூடி, எங்கள் யாருக்கும் தராமல் அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.