பழுத்த வாக்காளர்

வாக்களிக்கும் வயதைப் பதினெட்டிலிருந்து பதினாறாகக் குறைப்பதென்று அரசு பெருந்தன்மையோடு முடிவெடுத்தது. குறைத்த கையோடு ஒரு பயமும் வந்தது: பதினாறு வயதுப் பிள்ளைகள் நிஜமாகவே ஓட்டுப் போட்டுவிட்டால்? ஆகவே, "வயது வந்தால் போதாது, பக்குவமும் வர வேண்டும்" என்று ஒரு திருத்தம் சேர்த்தார்கள். அதை ஏற்காட்டு மலையிலிருக்கும் கரடியூரில் பரிசோதித்துப் பார்க்க, வாக்காளர் பக்குவ நிர்ணயச் சிறப்பு அலுவலர் தமிழ்ச்செல்வன் அனுப்பி வைக்கப்பட்டார். மலைமேல் சோதித்தால், தப்பாய்ப் போனாலும் சத்தம் அடிவாரத்துக்கு இறங்காதல்லவா?

மலருக்குப் பதினாறு முடிந்திருந்தது. ஏற்காட்டில் பிளஸ் ஒன். சாயங்கால பஸ்ஸை நிறுத்தியதிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு நடந்தே ஊர் வந்து சேர்கிறாள். வழியில் காட்டெருமை நிற்கிறது. "அரைப்பரீட்சை வரைக்கும் பாப்போம். பஸ்ஸு வரலீன்னா படிச்ச வரைக்கும் போதும் கண்ணு" என்று அப்பா சித்தன் சொல்லிவிட்டார். ஆக, ஓட்டு என்பது அவளுக்கு ஜனநாயகக் கடமையெல்லாம் இல்லை. பஸ்.

குரங்குக் குல்லாயும் சால்வையுமாக ஜீப்பில் வந்திறங்கிய அலுவலரிடம் எல்லா அதிகாரமும் இருந்தது. பக்குவம் என்றால் என்ன என்பது மட்டும் தெரியவில்லை. காப்பி எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்த சித்தனிடம் போய் நின்றார்.

"பழம் எது, பச்சை எதுன்னு நீங்க எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"

"அதுல என்னங்க இருக்குது? ரெண்டு வெரல்ல புடிச்சு லேசா இழுத்தா, பழம் பேசாம கையோட வந்துருமுங்க. பச்சைதான் கெளையப் புடிச்சுக்கிட்டு நொம்ப வம்பு பண்ணுமுங்க."

அலுவலர் மெய்சிலிர்த்துப் போனார். மறுநாளே ரேஷன் கடை வாசலில் 'இருவிரல் பக்குவச் சோதனை' முறைப்படி தொடங்கப்பட்டது. வாக்காளரின் மணிக்கட்டில் ஒரு நூல் கட்டப்படும். அலுவலர் அதை இரண்டு விரலால் மெல்ல இழுப்பார். பேசாமல் பின்னால் வந்தால் பழம். வாய் திறந்தால் பச்சை.

மலரின் நூலை இழுத்தார்.

"எங்கீங்க சார் போறோம்?"

"பச்சை!"

"கேட்டது ஒரு தப்புங்களா?"

"படு பச்சை!"

மலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்கள மட்டும் ஏனுங்க இழுக்கறீங்க? பெரியவங்களையும் இழுத்துப் பாருங்களே. ஒருத்தரும் தேற மாட்டாங்க!"

"சட்டத்தின் முன் அனைவரும் சமம். நியாயமான கோரிக்கை" என்றார் அலுவலர், மகிழ்ச்சியோடு.

பெரியவர்கள் வரிசையில் முதல் ஆளான ஆரோக்கியதாஸ் நூல் கட்டும் முன்பே நடக்க ஆரம்பித்தார். சிங்கராயரின் நூல் பாதியில் அறுந்துபோனது. அவர் அது தெரியாமல் அலுவலரையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். ஆள் அனுப்பித் திருப்பிக் கூட்டிவர வேண்டியதாயிற்று. ராசாத்தி இடுப்புக் குழந்தையோடு வந்தாள். குழந்தை மட்டும் வீறிட்டு அழுதது. அது பச்சை.

கடைசியில் சித்தன். நூல் இறுகியதும் அவர் வாய் லேசாகத் திறந்தது.

"கேளுங்கப்பா!" என்று கத்தினாள் மலர்.

"சும்மா இரு கண்ணு. ஆபீசருங்க." போனார். வந்தார்.

"எங்க போனீங்கப்பா?"

"போயிட்டு வந்தேன் கண்ணு. நல்லாத்தான் இருந்துச்சு."

கரடியூரின் பெரியவர்கள் நூற்றுக்கு நூறு பழுத்தவர்கள் என்று அரசு பாராட்டியது.

வாக்குப்பதிவு நாளன்று ஊருக்குள் பஸ் வந்தது. நிஜமான பஸ், மூக்கில் வாழைமரம் கட்டி. பழுத்தவர்களை ஏற்காட்டு வாக்குச்சாவடிக்குக் கொண்டுபோக. மலர் படியில் கால் வைத்தாள். "பச்சைக்கு இடமில்லை" என்று தமிழ்ச்செல்வனே இறக்கிவிட்டார்.

ஜன்னலோர சீட்டிலிருந்து சித்தன் பெருமையாக எட்டிப் பார்த்தார். "பஸ்ஸு வரலீன்னு அழுதியே, வந்துருச்சு பாத்தியா?"

"அப்பா, பழத்தப் பறிச்ச பொறவு எஸ்டேட்டுல என்ன பண்ணுவீங்க?"

"இது தெரியாதா கண்ணு? மிஷின்ல உட்டுத் தோல உரிப்போம். ஊறப் போட்டுக் கழுவுவோம். களத்துல கொட்டி வெயில்ல காய வெப்போம். அப்பறம் வறுத்து, அரைச்சு..."

சித்தன் நிறுத்தினார். பஸ் நகர்ந்தது. அவர் மெல்லத் திரும்பி, வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஆபீசரைக் கேட்டார்: "ஏனுங்க, இதுல எங்கீங்க கொண்டுபோறீங்க?"

"உஷ்!" என்றது பஸ் மொத்தமும். ஆபீசர் திரும்ப வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஊர்க்காரர்களே விசிலடித்துப் பஸ்ஸை நிறுத்தினார்கள்.

வளைவில் ஒற்றை ஆளாக இறங்கி நின்ற அப்பாவை நோக்கி மலர் ஓடினாள். பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னலோர சீட்டு காலியாக இல்லை. சிங்கராயர் நகர்ந்து உட்கார்ந்து, காற்று வாங்கிக்கொண்டு போனார்.