ஏழு வீட்டுத் தெருவில் ஒரு ராட்சதன்

பெரியவர்கள் எதிரே வந்தால் என் கால் தானாகப் பின்னால் போகும். மரியாதையா, பயமா என்று இன்றுவரை எனக்கே தெரியாது. அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் ஆக்லாந்தில் நாடகம் நடிக்கப் போனேன்.

எங்கள் ஊர்த் தமிழர்களின் ஆண்டுவிழாவில் 'நாடக மேடையின் வரலாறு' என்று ஒரு நிகழ்ச்சி. முதல் பாதி பழைய கிரேக்கம். முகமூடி போட்டுக் கூட்டத்தோடு நின்றதால் மானம் தப்பியது. இரண்டாம் பாதி இத்தாலிய மறுமலர்ச்சிக் காலம். தெரு நீளமாகத் தெரிவதற்காக அந்தக் காலத்தில் பின்னால் போகப் போக வீடுகளைச் சிறிதாக்குவார்களாம். முதல் வீடு ஆளைவிட உயரம், கடைசி வீடு என் இடுப்பளவு. அப்படி ஏழு வீடுகளைத் தன் பிளாக்ஹவுஸ் பே வீட்டு கராஜில் மூன்று மாதம் உட்கார்ந்து அட்டையில் செய்தவர் சிவபாலன் அங்கிள். பிரபுவாக நடித்தவரும் அவரே. என் தர்ஷினியின் அப்பாவும் அவரே. அடுத்த ஞாயிறு அவரிடம் பெண் கேட்பதாக இருந்தேன். ஒத்திகையில் சாக்பீஸால் மேடையில் ஒரு கோடு போட்டுக் காட்டினார்.

"தம்பி, இந்தச் சோக்குக் கோட்டுக்குப் பின்னால போகாதையும். போனீரெண்டால் நீர் வீட்டைவிட உயரமாத் தெரிவீர். விளங்கிச்சுதோ?"

"ஓம் அங்கிள்." (வாயில் வருவது 'ஆமா'தான். இலங்கைத் தமிழர் வீட்டில் பெண் கேட்கப் போகிறவன் 'ஓம்' என்பதுதான் நல்லது.)

விழா நாள் வந்தது. நாடகத்தில் நான் காவல்காரன். தூங்கிவிட்ட என்னைப் பிரபு திட்ட வேண்டும். மீசையை முறுக்கிக்கொண்டு அங்கிள் ஓரடி முன்னால் வந்தார். கைகட்டி ஓரடி பின்னால் போனேன். அவர் இன்னும் ஓரடி வைக்க, நான் கோட்டைத் தாண்டிவிட்டேன்.

"பின்னுக்குப் போகாதையும்!" என்று பல்லைக் கடித்தார். அந்தக் குரலுக்குப் பயந்து மேலும் மூன்றடி போனேன்.

"அம்மா, லுக்! ஜயண்ட்!" என்றது முன்வரிசைக் குழந்தை. மண்டபமே சிரித்தது.

திரும்பிப் பார்த்தேன். மாடி ஜன்னல் என் முழங்காலில் இருந்தது. உயரத்தைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று (நான் இன்ஜினியர்) குந்தி உட்கார்ந்தேன். உட்கார்ந்தது கடைசி வீட்டின் மேல். ஏழு வீட்டுக் கூரைகளும் ஒரே கயிற்றில் கட்டியவை. மூன்று மாத உழைப்பு மூன்று நொடியில் சரிந்தது. திரை இழுக்க வேண்டிய தர்ஷினி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி தரையில் கிடந்தாள். எனக்கு அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, செத்தாலும் சரி என்று போனேன். பெண்ணைக் கேட்டதும் அங்கிள் சொன்னார்.

"என்னைக் கண்ட பயத்தில ஒரு ஊரையே இடிச்சுப் போட்டீர். என்ர பிள்ளையோட எங்க சண்டை பிடிக்கப் போறீர்? அவளைக் கட்டும்."

கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆகிவிட்டது. இன்றும் ரானுயிப் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் நான் காரை ரிவர்ஸ் எடுத்தால், மாமாவாகிவிட்ட அங்கிள் காரைவிட்டு இறங்கிப் பின்னால் போய் இரண்டு கைகளையும் விரித்து நிற்பார்.

"தம்பி, கவனம்! பின்னுக்கு வீடு இருக்குது!"