கனடாத் தங்கச்சி

“எனக்கில்லை டொக்டர். கனடாவிலை இருக்கிற தங்கச்சிக்கு.”

டொக்டர் பேர்ணடெற் பேனையை மேசையில் போட்டாள். காலையிலிருந்து இது நாலாவது கனடாத் தங்கச்சி.

பிரசவ அறையில் காலம் கழித்தவள் அவள். பிள்ளை வெளியே விழுந்ததும் சொந்தபந்தமெல்லாம் பிள்ளையைச் சுற்றி நிற்கும். தாயைத் திரும்பிப் பார்க்க நாதியிராது. மாதவிலக்கு நிற்கிற வயதில் அந்தத் தாய்க்கு உடம்பு பற்றியெரிந்தாலும் வீட்டில் கேட்பது தேத்தண்ணிதான். அந்தக் கோபத்தில்தான் நடுவயதுப் பெண்களுக்கென்று வெள்ளவத்தையில் கிளினிக் திறந்தாள். கேட்டால், வந்த ஒருத்திக்கும் ஒரு நோய் வருத்தமுமில்லை. வருத்தமெல்லாம் கனடாவில்.

“தங்கச்சிக்கு என்ன செய்யுதாம்?”

எதிரே இருந்த நாகேஸ்வரி கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “எல்லாம் நிண்டு ரெண்டு வருசம். இப்ப திரும்ப ரத்தம் படுதாம்.”

பேர்ணடெற்றுக்குத் திக்கென்றது. சிரித்து அனுப்புகிற காரியமில்லை. புற்றாகவும் இருக்கலாம்.

“நாகேஸ்வரியக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. ஆருக்கு?”

“தங்கச்சிக்கெண்டுறன்!”

“உங்கட பிறஷரைப் பாப்பம்.”

நாகேஸ்வரி அதட்டின அதட்டில் பிறஷர் ஏறிக் கிடந்தது. டொக்டரின் சந்தேகமும் கூடவே ஏறியது.

“ஒரு ஸ்கான் எடுப்பம்.”

“எனக்கேன்? நான் போறன்.” நாகேஸ்வரி கைப்பையைத் தூக்கினாள்.

போனால் இந்த மனுசி திரும்ப வராது. பேர்ணடெற் வாயில் வந்ததை அவிழ்த்துவிட்டாள்.

“கூடப்பிறந்த ஆக்களுக்கு உள்ளுக்க எல்லாம் ஒண்டுதான், அக்கா. உங்களை ஸ்கான் பண்ணினா தங்கச்சிக்கு என்னெண்டு தெரிஞ்சிடும்.”

தாதி தாரிகா கையிலிருந்த பஞ்சைக் கீழே விட்டாள்.

“அப்பிடியும் பாக்கலாமோ?” என்றாள் நாகேஸ்வரி.

“இப்ப எல்லாம் முன்னேறிட்டுது.”

“அப்ப அவளுக்காகப் படுக்கிறன்.”

ஸ்கானில் ஒரு பழுதுமில்லை. பேர்ணடெற்றுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“தங்கச்சிக்கு ஒண்டுமில்லை. பயப்பிட வேண்டாமெண்டு சொல்லுங்கோ,” என்றாள், கண்ணடிக்காத குறையாக. நாகேஸ்வரி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

“பாத்தியே தாரிகா? இந்த வெள்ளவத்தையில கனடாத் தங்கச்சிக்கு வைத்தியம் தெரிஞ்சவள் நான் ஒருத்திதான்!”

அடுத்த மாதம் நாகேஸ்வரி திரும்ப வந்தாள். பக்கத்தில் இன்னொருத்தி. அதே மூக்கு, அதே நாடி, வியர்வையில் ஊறிய குளிர்ச்சட்டை. கையில் ஒரு பை நிறைய சொக்லேற். அவள் ஓடிவந்து டொக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“அக்காவைப் படுக்கவச்சே எனக்கு ஒண்டுமில்லையெண்டு கண்டுபிடிச்ச டொக்டர் நீங்களோ? அங்க கனடாவில எடுக்கச் சொன்ன ஸ்கானையும் நான் வேண்டாமெண்டு சொல்லிட்டன்!”